வீட்டுக் காக்டெய்ல் சொதப்புகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கலக்கிய கிளாஸ் வாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் முதல் பழி பாட்டில் மேல் விழும். ‘கொஞ்சம் ஒசத்தி சரக்கா வாங்கியிருக்கணும்’ என்று தோன்றும். பத்தில் எட்டு தடவை பாட்டில் நிரபராதி. தப்பு ஐஸில் இருக்கும், இல்லையென்றால் அளவில் இருக்கும். அதனால் கீழே உள்ளவற்றைப் பார்த்து முடிக்கும்வரை புதுப் பாட்டில் எதுவும் வாங்க வேண்டாம்.

பரிசோதனைக்கு ஒரே ஒரு பானத்தை வைத்துக்கொள்ளுங்கள்: டைக்கிரி. கியூபாவில் சான்டியாகோ அருகே இருக்கும் ஓர் ஊரின் பெயர் அது. மூன்றே பொருள்தான் என்பதால் குறையை மறைக்க அதில் இடமே கிடையாது.

வெள்ளை ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 22 மி.லி., சர்க்கரை சிரப் 22 மி.லி. ஷேக்கரில் (மூடி போட்டுக் குலுக்கும் டம்ளர்) முக்கால் பாகம் ஐஸ் போட்டு 12 விநாடி பலமாகக் குலுக்கி, டீ வடிகட்டி வழியாக, ஃப்ரீசரில் வைத்து எடுத்த கிளாஸில் வடிகட்ட வேண்டும்.

சிரப் என்பது 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் தண்ணீர். இரண்டையும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் கரைந்தால் போதும், அடுப்பில் கொதிக்க விட வேண்டாம். நம் கை பழக்கத்தில் கம்பிப் பதம் பார்க்கப் போய்விடும். அப்புறம் அது ஜாமூன் பாகுதான். சுமார் 325 மி.லி. கிடைக்கும். ஆறியதும் கழுவி உலர்த்திய பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று வாரம் தாங்கும்.

இனி ஒரு விதி மட்டும்: ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு மாற்றம். புளிப்பையும் ஐஸையும் ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

தண்ணியாக இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

முதலில் அளந்து பாருங்கள். ஷேக்கருக்குள் போனது 104 மி.லி. வடிகட்டியபின் வந்தது எவ்வளவு? 150 முதல் 160 மி.லி. என்றால் சரியான அளவு நீர் சேர்ந்திருக்கிறது. அப்படியும் தண்ணியாகத் தெரிந்தால் சாறோ சிரப்போ குறைந்திருக்கிறது. 175-ஐத் தாண்டினால் ஐஸ்தான் குற்றவாளி.

‘ஐஸ் நிறையப் போட்டால் தண்ணியாகிவிடும்’ என்று பயந்து மூன்று கட்டி மட்டும் போடுவது வழக்கம். நடப்பது நேர்மாறு. 1 கிராம் ஐஸ் உருகும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை இழுக்கிறது. அதே 1 கிராம் ஃப்ரீசரின் மைனஸ் 18-லிருந்து சுழியத்துக்கு வர இழுப்பது வெறும் 9 கலோரி. ஆக, குளிர்ச்சி முக்கால்வாசிக்கு மேல் உருகுவதிலிருந்துதான் வருகிறது. ஐஸ் உருகாமல் பானம் குளிராது. மூன்று கட்டி போட்டால் மூன்றும் முழுக்கக் கரைந்துவிடும், பானம் அரைகுறைக் குளிர்ச்சியோடு நிற்கும், கிளாஸில் போட்ட ஐஸையும் வேகமாகத் தின்னும். நிறைய ஐஸ் போட்டால் தேவையானது மட்டும் உருகி, பானம் சுழியத்துக்குக் கீழே போய் உருகல் மந்தமாகிவிடும்.

அப்படியானால் கூடுதல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இரண்டு இடங்களிலிருந்து.

ஒன்று, ஈர ஐஸ். ட்ரேயை எடுத்து மேடையில் வைத்துவிட்டு எலுமிச்சை பிழியப் போனால், திரும்பி வருவதற்குள் கட்டிகள் பளபளவென்று நனைந்திருக்கும். அந்த ஈரம் குளிர்விக்கும் வேலையை ஏற்கெனவே முடித்துவிட்ட வெறும் தண்ணீர். சாறு, சிரப், ரம் எல்லாம் ஊற்றி முடித்தபின் கடைசியாக ஃப்ரீசரைத் திறங்கள். விரலில் ஒட்டிப் பிடிக்கும் ஐஸ்தான் நல்ல ஐஸ். வழுக்கினால் ஒரு உதறு உதறி நீரை வடித்துவிட்டுப் போடுங்கள்.

இரண்டாவது, நம் ஊர் வெயில். புத்தகத்திலும் வீடியோவிலும் வரும் செய்முறைகள் பெரும்பாலும் 20 பாகை அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சென்னையில் மே மாதம் அலமாரியில் இருக்கும் ரம் 33, 34 பாகை இருக்கும். அந்தக் கூடுதல் 13 பாகையை இறக்கவே ஏறக்குறைய 15 மி.லி. ஐஸ் அதிகமாக உருகும். அதாவது ஒரு டைக்கிரியில் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் சும்மா சேர்கிறது. ரம், சிரப், சாறு, ஷேக்கர் நான்கையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தாலே இது தீர்ந்துவிடும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, ஆனால் இந்தப் பட்டியலிலேயே பெரிய வித்தியாசம் காட்டும் மாற்றம் இதுதான்.

ஃப்ரிட்ஜ் ட்ரேயில் வரும் பிறைவடிவச் சின்னக் கட்டிகள் சீக்கிரம் நனைபவை. 3 சென்டிமீட்டர் சதுரக் கட்டி தரும் சிலிகோன் அச்சு ஒன்று வாங்கலாம். கண்ணாடி போல் தெளிந்த ஐஸுக்கு மெனக்கெட வேண்டாம். பார்க்க அழகு, குலுக்கும் பானத்தின் சுவையில் அதனால் ஒன்றும் கூடாது.

சரக்கு நெடி மூக்கைத் துளைக்கிறது

மேலே சொன்னதற்கு எதிர்ப்பக்கம். வடிகட்டிய அளவு 135 மி.லி.-க்குக் கீழே இருந்தால் குலுக்கியது போதவில்லை. 12 விநாடி என்பது கடிகாரத்தில் 12. ஆட்டுகிறவருக்கு அது ரொம்ப நேரமாகத் தெரியும், ஏழிலேயே நிறுத்திவிடுவார். சமையலறை வெப்பமானி இருந்தால் வடிகட்டிய உடனே நுனியை விட்டுப் பாருங்கள். குலுக்கிய டைக்கிரி சுழியத்துக்குக் கீழே 4, 5 பாகையில் இருக்க வேண்டும்.

ஓல்ட் ஃபேஷன்ட், மான்ஹாட்டன் மாதிரிக் கிளறும் பானங்களில் இந்தக் கோளாறு இன்னும் அதிகம். கரண்டியால் நாலு சுற்று சுற்றிவிட்டு ஊற்றினால் அது கலந்த பானமே தவிர, குளிர்ந்த பானம் இல்லை. கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு 30 விநாடி கிளற வேண்டும். மான்ஹாட்டனில் 60 மி.லி. ரை விஸ்கியும் (ரை தானியத்தில் செய்தது) 30 மி.லி. இனிப்பு வெர்மூத்தும் (மூலிகை சேர்த்த வைன்) சேர்ந்து உள்ளே போன 90, வெளியே வரும்போது 120-130 ஆகியிருக்க வேண்டும். கிளாஸின் வெளிப்புறம் வேர்த்தால் போதும் என்ற குறிப்பை நம்பாதீர்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஐந்தாவது விநாடியிலேயே வேர்த்துவிடும்.

புளிப்பு தூக்கல், அல்லது தித்திப்பு திகட்டுகிறது

இங்கே ஒரு மொழிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செய்முறையில் ‘லெமன்’ என்று இருந்தால் அது தடித்த மஞ்சள் தோல் கொண்ட பெரிய பழம். நம் சந்தை எலுமிச்சை, மஞ்சளாகப் பழுத்தாலும், லைம் இனம்தான். விஸ்கி சவருக்கு லெமன் 22 மி.லி. என்று போட்டிருந்தால் நம் பழத்தில் 18-ல் ஆரம்பித்து, நாக்கு கேட்டால் ஏற்றுங்கள். டைக்கிரி, மார்கரிட்டா, மொஹீட்டோ மூன்றுக்கும் நம் எலுமிச்சை அப்படியே பொருந்தும்.

பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், சாறும் மாறும். சில பழம் 15 மி.லி. கூடத் தராது. ஆகவே ‘ஒரு பழம்’ என்பது அளவே இல்லை. பிழிந்து, வடிகட்டி, அளந்து ஊற்றுங்கள். திருத்தும்போது ஒரு நேரத்தில் 3 மி.லி. மட்டும். 22-ஐ 19 ஆக்கினாலே நாக்குக்குத் தெரியும்.

சிரப் கெட்டியாக இருப்பதும் காரணமாகலாம். இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர் என்று செய்த சிரப்பில் ஒரே அளவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சர்க்கரை இருக்கும். அதை வைத்திருந்தால் 22-க்குப் பதில் 15 மி.லி. போதும். டம்ளரால் சரிக்குச் சரி அளந்து கரைத்தவர்களுக்கு எதிர்ப்பிரச்சினை: ஒரு டம்ளர் சர்க்கரை ஒரு டம்ளர் தண்ணீரைவிட எடை குறைவு, சிரப் நீர்த்திருக்கும்.

புளிப்பும் தித்திப்பும் சரியாக இருந்தும் சப்பென்று இருக்கிறதா? 20 கிராம் உப்பை 80 மி.லி. நீரில் கரைத்து ஒரு சொட்டு மருந்துக் குப்பியில் வையுங்கள். ஷேக்கரில் 2 சொட்டு. உப்பு கரிக்காது, பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பு போடுவதன் அதே கணக்கு.

நேற்று பிரமாதம், இன்று அதே செய்முறை சொதப்பல்

அளவு. வேறு எதையும் தேட வேண்டாம். 22 மி.லி.-யில் 5 மி.லி. பிசகினால் கிட்டத்தட்ட கால் பங்கு பிசகு. ரம்மில் அதே 5 மி.லி. பிசகினால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே சாறையும் சிரப்பையும்தான் கறாராக அளக்க வேண்டும். பெக் அளவியை ஒருமுறை சோதித்துவிடுங்கள்: தராசில் வைத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றினால் 30 கிராம் காட்ட வேண்டும். 24-25 காட்டும் அளவிகள் கடையில் உண்டு.

சின்ன அளவுக்கு இருமல் மருந்தோடு வரும் மூடி அருமையான கருவி, அதில் 2.5, 5, 10 கோடுகள் இருக்கும். ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு இன்னும் துல்லியம். வீட்டுத் தேக்கரண்டியை நம்பாதீர்கள், செட்டுக்கு ஒரு கொள்ளளவு. செய்முறை அவுன்ஸில் இருந்தால் 1 அவுன்ஸை 30 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம், முக்கால் அவுன்ஸ்தான் அந்த 22.

பிட்டர்ஸ் (சொட்டுக் கணக்கில் சேர்க்கும் கசப்பு மூலிகைச் சாரம்) பாட்டிலில் ‘ஒரு உதறு’ என்பதும் ஏமாற்றும். பாட்டில் நிறைந்திருக்கும்போது ஒரு உதறில் குறைவாக விழும், காலியாக ஆக அதிகம் விழும்.

கசக்கிறது

பானத்தை விடுங்கள், சாறைத் தனியாக நக்கிப் பாருங்கள். அதிலேயே கசப்பு இருந்தால்:

காலையில் பிழிந்து வைத்த சாறாக இருக்கலாம். வைக்க வைக்கப் புதுவாசம் போய் ஒரு மந்தமான கசப்பு ஏறும். சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பாட்டிலில் வரும் பதப்படுத்திய சாறு வேண்டவே வேண்டாம், அது வேக வைத்த வாசம்.

பழத்தைக் கடைசிச் சொட்டுவரை நசுக்கியிருக்கலாம். இரட்டைக் கைப்பிடி பிழிவானில் ஒரே அழுத்து. தோல் கிழியும்வரை முறுக்கினால் வெள்ளைச் சதையின் கசப்பும் விதையின் கசப்பும் இறங்கிவிடும்.

சாறு நன்றாக இருந்து மொஹீட்டோ மட்டும் கசந்தால், புதினாவைச் சட்னிக்கு இடிப்பதுபோல் இடித்திருக்கிறீர்கள். 8-10 இலை, சிரப்போடு சேர்த்து மத்தால் நாலைந்து முறை மெதுவாக அமுக்கினால் போதும். இலை கசங்கலாம், கிழியக் கூடாது. வாசம் இலையின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. உள்ளே இருப்பது பச்சைக் கசப்பும், கொஞ்ச நேரத்தில் கறுக்கும் சாறும்தான்.

மேலே போடும் எலுமிச்சைத் தோலில் வெள்ளைப் பகுதி ஒட்டியிருந்தாலும் கசப்பு வரும். காய்கறித் தோல் சீவியால் மெல்லிசாகச் சீவுங்கள்.

நுரை நிற்கவில்லை

விஸ்கி சவர் போன்றவற்றில் 60 மி.லி. விஸ்கிக்கு முட்டை வெள்ளைக்கரு 15-20 மி.லி. போதும். முழு வெள்ளைக்கரு 30-ஐ நெருங்கும். அவ்வளவையும் போட்டால் முட்டை வாசம் முன்னால் வரும்.

முதலில் ஐஸ் இல்லாமல் 15 விநாடி குலுக்கி, பிறகு ஐஸ் போட்டு 12 விநாடி. முதல் சுற்றைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் நுரை வருவதில்லை. இன்னொரு காரணம் கொழுப்பு: மஞ்சள் கரு ஒரு சொட்டு கலந்தாலும், ஷேக்கரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழாது. ஐஸ் இல்லாத குலுக்கலில் ஒரு ஆபத்து: உள்ளே குளிர்ச்சி இல்லாததால் மூடி இறுகாது. இரண்டு கையாலும் பிடிக்காவிட்டால் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கும்.

பச்சை முட்டையைச் சாராயம் உடனே கிருமி நீக்கிவிடாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தவிர்க்கட்டும். சைவர்களுக்கும் அவர்களுக்கும் மாற்று, வெள்ளைக் கொண்டைக்கடலை வேக வைத்த நீர், 25 மி.லி. உப்பு போடாமல் வேக வைத்தது. குக்கரில் வைத்தால் நீர் தண்ணியாக இருக்கும். தனியே சுண்ட வைத்து, ஆறியபின் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுக்கி ஒழுகும் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். கறுப்புக் கடலை நீர் நிறத்தைக் கெடுத்துவிடும். கடலை வாசமோ முட்டை வாசமோ இருந்தால் நுரை மேல் 3 சொட்டு பிட்டர்ஸ்.

கலங்கல், துகள், திரிதல்

மார்ட்டினி, மான்ஹாட்டன், நெக்ரோனி கலங்கி வந்தால் குலுக்கியிருக்கிறீர்கள். சாறு, முட்டை, பால் இருந்தால் குலுக்கு. சாராயமும் வெர்மூத்தும் மட்டும் என்றால் கிளறு. நாக்கில் ஐஸ் பொடி நெருடினால் டீ வடிகட்டியை மறந்திருக்கிறீர்கள்.

பாலோ கிரீம் லிக்கரோ எலுமிச்சையைப் பார்த்தால் திரியும், அதற்கு மருந்தில்லை. பச்சை அன்னாசிச் சாறும் பாலைக் கசக்க வைக்கும். அதிலுள்ள நொதி பாலின் புரதத்தை உடைப்பதுதான் காரணம். அன்னாசி சேரும் பினா கொலாடாவுக்குத் தேங்காய்தான் சரி. முதல் பால், கெட்டியாக. மேலே வெள்ளைத் துணுக்காக மிதந்தால் அது குளிரில் உறைந்த தேங்காய்க் கொழுப்பு. குலுக்காமல், ஐஸோடு மிக்சியில் அடித்து உடனே பரிமாறுங்கள்.

கேஸ் போய்விட்டது

டானிக் வாட்டரும் (கசப்பு சேர்த்த சோடா) சோடாவும் குளிர்ந்திருக்க வேண்டும்; வெதுவெதுப்பான திரவத்தில் வாயு நிற்காது. 45 மி.லி. ஜின், கிளாஸ் விளிம்புவரை ஐஸ், சாய்த்த கிளாஸில் 120 மி.லி. டானிக் மெதுவாக, அடியிலிருந்து கரண்டியால் ஒரே ஒரு தூக்கு. பெரிய பாட்டிலைத் திறந்து மூன்று நாள் வைத்துக் குடிப்பதைவிடச் சின்ன கேன். சோடாவை ஷேக்கருக்குள் ஊற்றவே கூடாது, மூடி தெறிக்கும்.

ஷேக்கர் திறக்க மறுக்கிறது

உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கி மூடியை இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு டம்ளர் வகை என்றால் உற்றுப் பாருங்கள்: மேல் டம்ளர் சற்றுச் சாய்ந்து, ஒரு பக்கம் ஒட்டியும் எதிர்ப்பக்கம் இடைவெளியோடும் இருக்கும். இந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில், பக்கவாட்டில், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு தட்டு. இடைவெளி இருக்கும் பக்கத்தில் தட்டினால் இன்னும் இறுகும். மேடை விளிம்பில் மோதினால் டம்ளர் நெளிந்து, அடுத்த தடவையிலிருந்து ஒழுகத் தொடங்கும்.

மூன்று துண்டு வகையில் வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியை மூடி மேல் 10 விநாடி சுற்றித் திருகுங்கள். அடுத்த முறை வடிகட்டிப் பகுதியை முதலில் பொருத்திவிட்டு, சின்ன மூடியைக் கடைசியில் போடுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் ஏதோ பழைய வாசம்

ஒரு ஐஸ் கட்டியை வெறும் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பாருங்கள். மீன், வெங்காயம், தோசை மாவு: ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறதோ அது ஐஸில் ஏறும். மூடியுள்ள ட்ரே வாங்கி, வாரத்துக்கு ஒருமுறை பழைய ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

ஐஸ் சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம் வெர்மூத். அது வீரியம் கூட்டிய வைன். ரம், விஸ்கி மாதிரி அலமாரியில் வருடக்கணக்கில் நிற்காது. திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி, ஃப்ரிட்ஜில் வைத்து, ஒன்று இரண்டு மாதத்தில் முடியுங்கள். காடி வாசம் வந்தால் நெக்ரோனிக்கு உதவாது.

எட்டுப் பேர் வருகிறார்கள், ஒவ்வொன்றும் வேறு மாதிரி வருகிறது

குலுக்கும் பானத்தை விட்டுவிடுங்கள். எட்டு நெக்ரோனிக்கு ஜின், காம்பாரி (கசப்பான சிவப்பு இத்தாலிய மது), இனிப்பு வெர்மூத் தலா 240 மி.லி., அதோடு குடிநீர் 140 மி.லி. கிளறாமல் போவதால் ஐஸ் தந்திருக்க வேண்டிய நீரை நாமே சேர்க்கிறோம். இதை மறந்தால் முதல் கிளாஸே மண்டையைப் பிடிக்கும். மொத்தம் 860 மி.லி., 1 லிட்டர் பாட்டிலில் அடங்கும். நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஆளுக்குச் சுமார் 105 மி.லி. என்று பெரிய ஐஸ் மேல் ஊற்றினால் போதும். வந்தவர்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: அந்தச் சின்ன கிளாஸில் ஏறக்குறைய ஒரு லார்ஜ் இருக்கிறது, இனிப்பில் அது தெரியாது. வண்டி எடுக்கிறவருக்கு அதே எலுமிச்சை, அதே சிரப், அதே புதினா, மேலே சோடா.